உடம்பின் உப்பும் ஊரின் உப்பும்

குடகனாறு தெற்கிலிருந்து வடக்கே ஓடும் ஆறு. கீழ்ப்பழனி மலைச்சரிவில் பிறந்து, ஆத்தூர் காமராஜர் அணையில் தேங்கி, திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கிறது. மிச்சம் இருந்தால் சமவெளியில் இறங்கித் தாடிக்கொம்பை ஒட்டிப் போய், வேடசந்தூரைக் கடந்து, கரூர்ப் பக்கம் அமராவதியில் கலக்கிறது. அமராவதி காவிரியில் சேர்கிறது. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் ஆற்றில் மணலையும் சீமைக்கருவேலத்தையும்தான் பார்க்கலாம். மேலே ஓட்டம் நின்ற பிறகும் மண்ணுக்கடியில் தண்ணீர் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். இந்த அத்தியாயம் அந்த ஓட்டத்தின் கரையில் இருக்கிற ஊர்களின் உடல்நலத்தைப் பற்றியது.

தாடிக்கொம்பு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சௌந்தரராஜப் பெருமாள் கோயில். மண்டபத் தூண்களின் ஆளுயரச் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. சித்திரையில் அழகர் குடகனாற்றில் இறங்குவதைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. அமாவாசைக்கு வருகிறவர்கள் வேறு. கோயிலுக்குள் தன்வந்திரிக்குத் தனிச் சன்னிதி இருக்கிறது. அன்று மூலிகைத் தைலத்தால் அபிஷேகம் நடந்து, லேகியம் பிரசாதமாகக் கிடைக்கும். முழங்கால் வலிக்காரர், சர்க்கரை நோயாளி, ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர், அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்த மகள் என்று வரிசை நிற்கும். ஒவ்வொருவரும் ஒரு உடம்பின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறார்கள். நோய் நமக்கு எப்போதும் ஒரு ஆளின் நோயாகத்தான் தெரியவருகிறது. மருத்துவரின் சீட்டிலும் ஒரு பெயர்தான் இருக்கும்.

ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆங்கிலேய நோய்ப்பரவலியல் அறிஞர் 1985-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டினார். இந்த ஆளுக்கு ஏன் இந்த நோய் வந்தது என்பது ஒன்று. இந்த ஊருக்கே ஏன் இந்த நோய் இவ்வளவு இருக்கிறது என்பது இன்னொன்று. கென்யாவின் மேய்ச்சல் நாடோடிகளின் ரத்த அழுத்த அளவுகளையும் லண்டன் அரசு ஊழியர்களின் அளவுகளையும் அவர் அருகருகே வைத்தார். நாடோடிகளின் அளவுகள் மொத்தமாகக் கீழே இருந்தன. லண்டன்காரர்களுடையவை மொத்தமாக மேலே. லண்டன் டாக்டர் ஒருவர் தன்னிடம் வந்த நோயாளியைப் பக்கத்து மேசைக்காரரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்; வித்தியாசத்துக்குப் பரம்பரை, உடல் எடை என்று ஏதாவது காரணமும் கிடைத்துவிடும். பக்கத்து மேசைக்காரரின் அளவே அதிகம்தான் என்பது அந்த அறைக்குள் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. ஊரில் எல்லோருக்கும் இருப்பதை நாம் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறோம். வயதானால் பிரஷர் வரத்தானே செய்யும் என்று சொல்வதும் அப்படித்தான்.

வயதானால் வரத்தான் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 32 நாடுகளின் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த இன்டர்சால்ட் ஆய்வு 1988-ல் வெளியானது. அதில் பிரேசில் காடுகளின் யனோமாமி பழங்குடியினரும் இருந்தார்கள். அவர்கள் சமையலில் உப்பே சேர்ப்பதில்லை. அவர்களின் சராசரி ரத்த அழுத்தம் 96/61 அளவில்தான் இருந்தது. வயது கூடினாலும் ஏறவில்லை. அவர்களுக்கு உப்பு மட்டுமல்ல, உடல் பருமனும் மதுவும்கூட இல்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் உப்பே காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் முதுமையும் பிரஷரும் சேர்ந்தே வர வேண்டியதில்லை என்பதற்கு அவர்கள் சாட்சி.

உடம்புக்குள் உப்பு என்ன செய்கிறது? நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அந்த நீரோடு வடிகிற உப்பு சுமார் ஒன்றரைக் கிலோ. வடித்ததில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் உருவான உறுப்பு இது; கிடைத்ததை விடக்கூடாது என்பதே இதன் சுபாவம். வெளியேற்றச் சொன்னால் திணறும். வெளியேறாத சோடியம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே ரத்தக்குழாய்களுக்குள் ஓடவேண்டிய நீர் கூடிவிடும். தோட்டத்து மோட்டாரைப் பெரிதாக மாற்றிவிட்டுப் பழைய ஹோஸையே மாட்டி வைத்தால், கொஞ்ச காலத்தில் ஹோஸ் விறைத்து, வளையும் இடத்தில் வெடிப்பு விடும் அல்லவா? தமனிகளுக்கும் அதுதான் நடக்கிறது. சுவர் தடித்து இறுகும். இறுகிய குழாயில் தள்ள இதயம் இன்னும் பலமாகத் துடிக்க வேண்டும். மூளையின் மெல்லிய நாளம் ஒன்று அடைத்தாலோ வெடித்தாலோ அது பக்கவாதம். கிராமத்தில் சொல்வதுபோல் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும். சிறுநீரகத்தின் நுண்குழல்களும் இதே அழுத்தத்தில் நைந்துபோகும். நைந்த சிறுநீரகம் உப்பை இன்னும் குறைவாகத்தான் வெளியேற்றும். அதனால் அழுத்தம் இன்னும் ஏறும்.

இத்தனையும் நடக்கும்போது உடம்பு ஒரு வார்த்தை சொல்லாது. வலி, காய்ச்சல் எதுவும் இருக்காது. மருத்துவத்துக்கு இதைவிடக் கடினமான சூழல் இல்லை. வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவருக்கும் எழுபது வயதுப் பாட்டி ஒருவருக்கும் இடையே நம் ஊர்த் திண்ணைகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அப்பத்தா, போன மாசம் குடுத்த மாத்திரை அப்படியே இருக்கே?”

“தலை சுத்துனா போட்டுக்கிறேன் தாயி. சும்மா இருக்கையில எதுக்கு?”

“சுத்தலேன்னாலும் போடணும் அப்பத்தா. இந்தா பாருங்க, நூத்தி எழுவது காட்டுது.”

“மிஷினு காட்டுது. எனக்கு ஒண்ணும் பண்ணலியே.”

அந்த அப்பத்தா சொன்னதில் பொய் இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. உடம்பு சொல்வதை நம்பித்தான் அவர் எழுபது வருடம் பிழைத்திருக்கிறார். அந்த அனுபவத்தைத் தள்ளிவைத்துவிட்டு மிஷின் காட்டும் எண்ணை நம்பு என்கிறோம். இதற்குப் பெரிய நம்பிக்கை வேண்டும். அந்த நம்பிக்கையைத் துண்டறிக்கையால் உண்டாக்க முடியாது. மாதா மாதம் வாசலுக்கு வந்து பேர் சொல்லிக் கூப்பிடும் ஒருத்தியால் முடியும். தமிழ்நாட்டில் 2020-ல் நடந்த மாநில அளவிலான ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. பிரஷரும் சுகரும் வீட்டிலேயே பார்த்து, மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கும் திட்டம். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இதற்குக் கிடைத்தது. விருதைவிட முக்கியமானது ஒரு எளிய கணக்கு. தினக்கூலிக்குப் போகும் ஒருவர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலிக்குப் பயந்தே மாத்திரையை விட்டவர்கள் ஏராளம். நோயாளி அலட்சியம் என்று நாம் எழுதி வைத்ததில் பாதி, பயணச் செலவும் கூலி இழப்பும்தான்.

இனி சமையலறை. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது. தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டி. நம்மில் பெரும்பாலோர் இதைத் தாண்டித்தான் உண்கிறோம். மேலை நாடுகளில் உப்பின் பெரும்பகுதி ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி, டப்பா உணவு வழியாக வருகிறது. நம் வீடுகளில் இன்னமும் குழம்புச் சட்டியில் நாமே அள்ளிப் போடுவதுதான் அதிகம். அதோடு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வத்தல், கருவாடு. வேலைக்குப் போகும் இளைஞர்கள் கணக்கில் இப்போது பரோட்டா சால்னாவும் பிரியாணியும் பாக்கெட் மிக்சரும் சேர்ந்திருக்கின்றன. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நாக்கு ஒரே நாளில் மாறாது. ஆனால் மாறும். சில வாரங்கள் தொடர்ந்து குறைத்தால் சுவையுணர்வு அந்த அளவுக்கே பழகி, பழைய குழம்பு கரிப்பாகத் தெரியும்.

இங்கே ஒரு விலக்கு சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் களை எடுப்பவரிடமும் செங்கல் சூளையில் நிற்பவரிடமும் போய் மொட்டையாக உப்பைக் குறை என்று சொல்வது தவறு. வியர்வையில் உப்பு போகிறது. அவர்களுக்கு முதல் தேவை தண்ணீர், நிழல், நடுப்பகல் ஓய்வு. மோர், நீராகாரம் நல்லது. ஏசி அறையில் உட்கார்ந்து ஊறுகாய் தொட்டுக்கொள்பவருக்குச் சொல்லும் அறிவுரையும் இவருக்குச் சொல்வதும் ஒன்றாக இருக்க முடியாது.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இன்னொன்று. உப்பு ஒருவருடைய தட்டில் விழுவதில்லை, சட்டியில் விழுகிறது. பிரஷர் உள்ள அப்பாவுக்கு மட்டும் தனிக் குழம்பு வைக்கும் வீடுகள் குறைவு. வைத்தாலும் ஒரு வாரம். மொத்தச் சட்டிக்கும் உப்பைக் குறைத்தால் அப்பாவின் அழுத்தமும் இறங்கும், இருபது வருடம் கழித்துப் பிரஷர் வரவிருக்கும் மகளின் அழுத்தமும் ஏறாது. ரோஸ் சொன்னதும் இதுதான். மிக அதிக அழுத்தம் உள்ள சிலருக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பதைவிட, ஊர் முழுவதும் சராசரி இரண்டு புள்ளி இறங்கினால் தவிர்க்கப்படும் மரணங்கள் அதிகமாக இருக்கும். ஏனென்றால் பக்கவாதம் வருபவர்களில் பெரும் எண்ணிக்கை, கொஞ்சமாக அழுத்தம் கூடிய பெருங்கூட்டத்திலிருந்தே வருகிறது.

செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஃபின்லாந்தின் வட கரேலியா, மாரடைப்பில் ஆண்கள் இளம் வயதிலேயே இறப்பதில் உலகின் முதல் வரிசையில் இருந்த மாகாணம். 1972-ல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவரின் தலைமையில் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. அவர்கள் மருத்துவமனையோடு நிற்கவில்லை. கிராமத்துப் பெண்கள் சங்கங்களோடு சமையல் கூட்டங்கள் நடத்தினார்கள். சாஸேஜ் செய்பவர்களிடம் உப்பையும் கொழுப்பையும் குறைக்கப் பேசினார்கள். வெண்ணெய் தின்ற மாகாணத்தைக் காய்கறிக்கும் பழத்துக்கும் திருப்பினார்கள். உப்பு அதிகமுள்ள பொட்டலங்களில் எச்சரிக்கை போட வேண்டும் என்று பின்னர் சட்டமே வந்தது. மூன்று, நான்கு பத்தாண்டுகளில் அங்கே உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணங்கள் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்த ஆய்வு 2021-ல் வந்தது. பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மற்றப் பாதிக்கு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. ஐந்து வருடத்தில் பொட்டாசிய உப்புக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. யாரும் பத்தியம் இருக்கவில்லை, டப்பா மட்டும் மாறியது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் சில பிரஷர் மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உப்பைத் தொடக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு இது உயிராபத்து.

டப்பாவை மாற்றி ஊரைக் காப்பாற்றும் வித்தை நமக்குப் புதிதும் அல்ல. முன்கழுத்துக் கழலையும், அயோடின் குறைவால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுவதும் இந்தியாவில் பெருமளவு தணிந்தது உப்பில் அயோடின் கலந்ததால்தான். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் அயோடினும் இரும்புச்சத்தும் சேர்த்த உப்பு சத்துணவுக் கூடங்களில் சேர்ந்ததும் அதே வழியில்தான். சாப்பிடும் குழந்தைக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை.

இதுவரை பேசியது உடம்புக்குள் போகும் உப்பு. குடகனாற்று வடிநிலத்தில் இன்னொரு உப்பு இருக்கிறது. அது யாருடைய சமையலறையிலிருந்தும் வந்ததல்ல.

திண்டுக்கல் பூட்டுக்கும் பிரியாணிக்கும் போலவே தோலுக்கும் பெயர் பெற்ற ஊர். ஆவாரம்பட்டைச் சாறில் தோலைப் பதப்படுத்தும் பழைய முறை இங்கே நெடுங்காலம் இருந்தது; குரோமியம் உப்பால் பதப்படுத்தும் முறை பிறகு வந்தது. ஊர்க்காரர்கள் இவற்றைத் தோல்ஷாப் என்பார்கள். உரித்த தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் 40 சதவீதம் அளவுக்குச் சாதாரண உப்பைத் தூவி அடுக்குவது வழக்கம். தொழிற்சாலையில் முதல் வேலை அதை நீரில் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு ரோமத்தை நீக்குவது. நாற்றம் சல்பைடிலிருந்து வருகிறது; பத்திரிகைகளில் பெயர் அடிபடுவது குரோமியம். ஆனால் நிலத்தடி நீரை நெடுங்காலத்துக்குக் கெடுப்பதில் முதலிடம், யாரும் பயப்படாத அந்தச் சாதாரண உப்புக்குத்தான். குரோமியத்தை வீழ்படிவாக்கி எடுத்துவிடலாம். கரிமக் கழிவைக் கிருமிகளை வைத்தே சிதைத்துவிடலாம். கரைந்த உப்பைத் தின்னும் கிருமி கிடையாது. சவ்வு வழியே அழுத்தி வடிகட்டி, மிஞ்சுவதை ஆவியாக்கி, உப்பை மூட்டை கட்ட வேண்டும். அதற்கு மின்சாரமும் பணமும் நிறைய வேண்டும். மூட்டை கட்டிய பிறகும் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி பாக்கி இருக்கும். ஊறவைப்பதற்கு முன்பே தோலை உதறி உப்பைத் தனியே எடுப்பது இவை எல்லாவற்றையும்விட மலிவு. உப்பே குறைவாகச் சேர்த்துப் பதப்படுத்தும் முறைகளைச் சென்னையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து வந்திருக்கிறது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல்லைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. இந்தப் பகுதியின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு நடத்திய ஆய்வில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. நான்கில் மூன்று கிணறு. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையும், அறிவியல் முழு உறுதி சொல்லும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற கொள்கையும் இந்திய நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று இந்தத் தீர்ப்புதான் நிலைநாட்டியது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு அமைப்பு இல்லாமல் இயங்கக் கூடாது என்றது. இழப்பீட்டை மதிப்பிடத் தனி ஆணையம் அமைக்கவும் சொன்னது.

இதில் தொழிலாளியைக் குற்றவாளி ஆக்குவது பெரும் அநியாயம். சுண்ணாம்புக் குழியில் கை வைத்து முதலில் தோல் வெந்தவர் அவர்தான். அவர் குடியிருக்கும் தெருவின் கிணறுதான் முதலில் கெட்டது. அந்தத் தொழில் போனால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேட வேண்டியவரும் அவரே.

கெட்ட கிணறு ஏன் சீக்கிரம் தேறவில்லை? திண்டுக்கல் சமவெளிக்கு அடியில் இருப்பது கடினப்பாறை. மேலே சிதைந்த பாறையும் மண்ணும் கொஞ்ச ஆழம். அதற்குக் கீழே வெடிப்புகளும் பிளவுகளும்தான் நீர் நிற்கும் இடம். நீர் அந்தப் பிளவுகளின் வழியே மெல்லத்தான் நகரும். மழை குறைந்த பூமி, வந்து கழுவும் நீரும் குறைவு. ஒரு தலைமுறை ஊற்றிய உப்பு வெளியேற ஒரு தலைமுறைக்கு மேல் ஆகலாம். திண்டுக்கல் நகரத்துக்கு இன்று ஆத்தூர் அணையோடு காவிரிக் கூட்டுக் குடிநீரும் வருகிறது. தன் ஆறு போய்ச் சேரும் காவிரியிலிருந்தே ஒரு ஊர் தண்ணீரைக் குழாயில் திருப்பி வாங்குகிறது. அதற்கான குழாய், மோட்டார், மின்சாரம் எல்லாம் பொதுப்பணம். உப்பைக் கழுவி விட்டபோது மிச்சமான காசை யார் செலவழித்திருக்கிறார்கள் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த உப்புத் தண்ணீர் பிரஷரை ஏற்றுமா? கேள்வி நியாயமானது, பதில் நேர்க்கோட்டில் இல்லை. வங்கதேசத்துத் தாக்கோப் பகுதியில் கடல்நீர் புகுந்த குடிநீரைக் குடித்த கர்ப்பிணிகளுக்கு உயர் ரத்த அழுத்தமும் சூல்வலிப்பும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. அதே நாட்டின் கடற்கரையில் 2019-ல் வந்த இன்னொரு ஆய்வு, மிதமாக உப்புக் கரித்த நீரைக் குடித்தவர்களின் அழுத்தம் சற்றுக் குறைவாக இருந்ததைக் கண்டது. அந்த நீரில் சோடியத்தோடு கால்சியமும் மக்னீசியமும் இருந்தன. அவை சோடியத்தின் கெடுதலை ஈடுகட்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆக, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதோடு எந்த உப்பு என்பதையும் கேட்க வேண்டும்.

அதை நம்மிடம் யாரும் சொல்வதில்லை. ஃபில்டர் விற்க வருபவர் பேனா அளவில் ஒரு மீட்டரைக் கொண்டுவருவார். குழாய்த் தண்ணீரில் முக்கினால் 900 காட்டும், அவர் இயந்திரத்துத் தண்ணீரில் 40 காட்டும். வீட்டுக்காரர் முகம் மாறிவிடும். அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை மட்டும். அதிலிருந்து மொத்தக் கரைபொருளை மதிப்பிடுகிறது. கரைந்திருப்பது கால்சியமா சோடியமா என்று அதற்குத் தெரியாது. ஃபுளோரைடு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் பல்லில் பழுப்புக் கறை விழும், இன்னும் கூடினால் எலும்பு இறுகும். திண்டுக்கல் மாவட்டத்தின் சில வட்டாரங்களில் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் ஒன்றரை மில்லிகிராம் அந்த மீட்டரில் ஒரு அசைவையும் உண்டாக்காது. நைட்ரேட்டைப் பிரித்துச் சொல்லாது. காலராக் கிருமியோ மஞ்சள்காமாலை வைரஸோ இருந்தால் சுத்தமாகக் காட்டாது. இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கரைபொருள் 500 வரை நல்லது என்றும், வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. 40 காட்டும் தண்ணீர் மிகச் சுத்தம் என்று நினைத்து, கால்சியமும் மக்னீசியமும் உருவிய நீருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கேனைக் கழுவாமல் நிரப்பிக் கொண்டுவந்தால் அந்த 40 காட்டும் நீரிலும் வயிற்றுப்போக்கு வரும்.

ஒரு ஊர் தினமும் முதலில் பார்க்க வேண்டிய எண் குளோரின். மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைசித் தெருவின் கடைசிக் குழாய்க்கு வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். எஞ்சியிருந்தால் வழியில் கசிவில் புகுந்த கிருமியை அது கொன்றுவிட்டது என்று பொருள். சோதிக்க ஒரு சின்னப் பெட்டியும் சில சொட்டு மருந்தும் போதும், தண்ணீர் மஞ்சளாகும். ஒரு நிமிட வேலை. தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்துவிட்டுக் கணக்கு எழுதுவது ஏமாற்று. கடைசிக் குழாயில்தான் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலும் ஊரின் ஏழைத் தெருதான் இருக்கும்.

உடம்பையும் ஊரையும் சேர்த்துப் பார்த்த ஒருவர் இதே ஆற்றின் பக்கமே வாழ்ந்திருக்கிறார். டாக்டர் சௌந்தரம், டி.வி.எஸ். குழுமத்தின் நிறுவனர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். பால்ய மணம், மருத்துவரான கணவர் 1925-ல் இறந்தார். சௌந்தரம் டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து 1936-ல் மருத்துவரானார். பிறகு காந்தியவாதியான ஜி. ராமச்சந்திரனை மணந்தார். இருவரும் 1947 அக்டோபரில், சுதந்திரம் வந்த இரண்டாம் மாதம், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சிறிதாக ஆரம்பித்த மருத்துவ விடுதி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

எனக்கு மருத்துவமனையைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்து நடந்தது. 1959-ல் ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. மத்திய, மாநில அரசுகளும் ஃபோர்டு அறக்கட்டளையும் உடன் நின்றன. ஊரே தன் நோய்க்கான காரணத்தைத் தேடி, ஊரே மாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. கழிப்பறை, சுத்தமான தண்ணீர், தாய்சேய் நலம், குடும்ப நலம் எல்லாம் ஒரே கூடையில். வெளியூர் அதிகாரி வந்து மைக்கில் பேசுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு தெருவிலும் மக்கள் யார் பேச்சைக் கேட்பார்களோ அவரைக் கண்டுபிடித்து அவர் வழியே பேசினார்கள். அந்தப் பேச்சுக்காரர் பெரும்பாலும் பதவியில் இருப்பவர் அல்ல; பிரசவத்துக்குக் கூப்பிட்டால் ஓடிவரும் ஒரு பெண்மணியாகவோ டீக்கடைக்காரராகவோ இருக்கலாம். 1964-ல் இதிலிருந்து கிராமியச் சுகாதாரப் பயிற்சி நிறுவனம் உருவாகி, வேறு மாநிலங்களின் ஊழியர்களும் பயிற்சிக்கு இங்கே வந்தார்கள். இன்று திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தாவின் கையில் பட்டை கட்டும் தன்னார்வலரும் அந்தத் தெருவுக்குத் தெரிந்த பெண்தான். திட்டத்தின் பெயரும் காலமும் வேறு. அது வேலை செய்வதற்கான காரணம் ஒன்றே.

வேண்டுதல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தன்வந்திரி சன்னிதியில் லேகியம் வாங்குகிறவர் தன் உடம்பைப் பற்றி அக்கறை உள்ளவர். அக்கறை உள்ளவரிடம்தான் எதையும் கேட்க முடியும். அவரிடம் கேட்க எனக்கு இரண்டு காரியங்கள் இருக்கின்றன. முப்பது வயதைத் தாண்டிவிட்டால், ஒன்றும் செய்யாவிட்டாலும், வருடம் ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் பாருங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள். அடுத்து, உங்கள் தெருவின் கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு, கடைசியாக எந்தத் தேதியில் மேல்நிலைத் தொட்டி கழுவப்பட்டது என்று பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ கேளுங்கள். தேதியை எழுதி வாங்குங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடிப்பவராக இருந்தால் ஒரு பாட்டிலில் பிடித்து, ஃபுளோரைடும் நைட்ரேட்டும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். ஒருவர் கேட்டால் மனு. ஒரு தெருவே கேட்டால் அது அலுவலகத்தின் அன்றாட வேலையாகிவிடும்.